காற்று வருகிற ப

தமிழில் ஒரே ஒரு 'ப'தான் இருக்கிறது. அதனால் என் தம்பி ஒருமுறை ஜெர்மன் பாட்டில் 'வேதனை' என்று பாட வேண்டிய இடத்தில் 'கால்' என்று பாடிவிட்டான். தப்பு அவனுடையது இல்லை, என்னுடையது. அந்தத் தப்பை நேராக்க எனக்கு ஒன்பது வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அச்சடிக்கிறவர்கள் நேராக்கிக்கொள்ளட்டும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. தம்பி பிறந்தபோது எனக்குப் பதினோரு வயது. அம்மா வேலைக்குப் போனாள், நான் குழந்தையோடு வீட்டில் நின்றுகொண்டேன். பிறகு தாம்பரத்தில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருபத்தாறு வருடம் இருந்தேன். தைத்து வருகிற சட்டையை விரித்துப் பார்த்து, தையல் விட்டுப்போன இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. புதிதாக யாராவது என்னிடம் பேசினால் என் கை தானாக எழுந்து வாயை மூடிக்கொள்ளும். "அக்கா, உன் வாயை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க, கையை எடு" என்று தம்பி எத்தனை முறை சொல்லியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

தம்பி பாடகன். சினிமாவில் பெயர் போடுகிற பாடகன் இல்லை, சபாவில் பாடுகிறவனும் இல்லை. மேல்நாட்டுச் சங்கீதத்தில் பாரிடோன் என்று ஒரு ஆண் குரல் உண்டு, அது. எனக்குப் புரிவதற்காக அவன் சொன்னதையே சொல்கிறேன். "டெனர்னா அப்பர் பெர்த்க்கா. பாஸ்னா லோயர் பெர்த். நான் மிடில் பெர்த். கீழ இருக்கிறவன் உக்காரணும்னா நான் மடங்கணும், மேல இருக்கிறவன் ஏறணும்னா என்னை மிதிச்சிட்டு ஏறுவான்." ரயில்வேயில் புக்கிங் கிளார்க்காக இருந்தவன் வேறு எப்படிச் சொல்வான். ஊரப்பாக்கம் கவுண்டரில் அவன் உட்கார்ந்திருந்த நாட்களில், சில்லறை கேட்கும் அவன் குரலைக் கேட்டுவிட்டு ஜனங்கள் குனிந்து உள்ளே எட்டிப் பார்ப்பார்களாம், இந்தக் குரலுக்கு உள்ளே எவ்வளவு பெரிய ஆள் இருக்கிறான் என்று. இருப்பவனோ என் தோள் உயரம்தான்.

அவன் பாடாத இடம் இல்லை. காலையில் செம்பாக்கத்தில் ஒரு அடக்க ஆராதனை, மாலையில் குரோம்பேட்டையில் ஒரு கல்யாணம் என்று ஒரே கறுப்புக் கோட்டில் போய் வருவான். டை மட்டும் மாறும். ஒருநாள் அதையும் மாற்ற மறந்து, கல்யாண வீட்டில் பெண்ணின் சித்தப்பா அவன் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்துவிட்டார். கத்தோலிக்கக் கோவிலில் லத்தீனில் பாடுவான், எங்கள் சபையில் கீர்த்தனை பாடுவான், தெலுங்கு சபையில் கூப்பிட்டால் தெலுங்கிலும் பாடுவான். ஒரு பேய்ப் படத்தில் பேய் வரும்போதெல்லாம் அடியில் 'ஓ' என்று ஒன்று வரும், அந்த ஓ அவனுடையது. ஒரு மசாலாப் பொடி விளம்பரத்தில் 'ஆஹா' என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கிறான். அந்த விளம்பரம் டிவியில் வந்தால் நான் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு ஓடி வருவேன்.

ஆனால் ஒன்று மட்டும் அவனுக்குக் கிடைக்கவில்லை. நாற்பது பேர் கோயர், எதிரே ஆர்கெஸ்ட்ரா, முன்னால் ஒருவர் மட்டும் தனியாக நின்று பாடுவார். சின்னச் சின்னப் பாட்டுகளாகக் கோத்து ஒரு மணி நேரம் ஓடுகிற பெரிய பாட்டுகளை அப்படித்தான் பாடுவார்கள். முன்னால் நிற்பவர் எப்போதும் பம்பாயிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வருவார். தம்பி கோயரில் மூன்றாவது வரிசை. ஒரு ஜெர்மன் பாட்டை அவன் இப்படி இரண்டு முறை, முன்னால் நிற்கிறவரின் முதுகைப் பார்த்தபடியே பாடியிருக்கிறான். வீட்டில் குளிக்கும்போது அவன் பாடுவது கோயரின் பாகத்தை இல்லை, அந்த முதுகுக்காரரின் பாகத்தை. எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியாது.

இப்போது அந்த 'கால்' கதை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கச்சேரியில் பியானோவோடு ஒரே ஒரு ஜெர்மன் பாட்டைத் தனியாகப் பாட அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். தனியாகப் பாடுகிறவன் சொற்களை மனப்பாடமாக வைத்திருந்தால்தான் பாட்டு பாட்டாக இருக்கும் என்பது அவன் கட்சி. மனப்பாடம் சரியா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். எனக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். அதனால் அவன் வெளிநாட்டுச் சொற்களை நிறுத்தி நிறுத்திச் சொல்வான், நான் காதில் விழுவதைத் தமிழில் நோட்டில் எழுதிக்கொள்வேன். பிறகு அவன் பார்க்காமல் ஒப்பிப்பான், நான் விரலை ஓட்டிக்கொண்டே போய்த் தப்பு வந்தால் நிறுத்துவேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே லத்தீன் கேட்டிருக்கிறேன்.

தொல்லை இந்த 'ப'வால் வந்தது. ஜெர்மனில் இரண்டு ப. ஒன்று பந்து என்று சொல்வது போல அடங்கி வரும். இன்னொன்று வெடித்து வரும். வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்துச் சொல்லிப் பார்த்தால் அதில் காற்று அடிக்கும். காற்று வருகிற ப என்று அதற்கு நானே பெயர் வைத்தேன். நோட்டில் அந்தப் ப வருகிற இடத்தில் கம்பெனி அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிடுவேன். 'பைன்' என்ற சொல்லுக்கு அம்பு உண்டு. காற்றோடு சொன்னால் வேதனை. காற்று இல்லாமல் சொன்னால் கால். இரண்டையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுத முடியும்.

கச்சேரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அந்த வருட மழை ஈரத்தில், பசை விட்டு அம்பு எங்கேயோ விழுந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. அவன் சரியாகத்தான் ஒப்பித்தான். நான்தான், "நிறுத்து, அதுல காத்து இல்லை, அம்பு இல்லையே" என்றேன். அவனுக்குச் சந்தேகம். "நல்லாப் பாரு" என்றான். "நோட்டுல இல்லைடா" என்றேன். "நோட்டுல இல்லைன்னா இல்லைதான்" என்று திருத்திக்கொண்டான். திருத்திக்கொண்டதை இரண்டு நாளும் விடாமல் சொல்ல வைத்தேன். செக்கிங் டேபிள் புத்தி.

கச்சேரி முடிந்ததும் ஒரு ஜெர்மன் அம்மா அவனிடம் வந்து, ரொம்ப அக்கறையாக, "உங்கள் கால் இப்போது பரவாயில்லையா?" என்று கேட்டார். எதற்காகக் கேட்டார் என்று புரியாமல் அவனும் "பரவாயில்லை, தேங்க்ஸ்" என்று சொல்லியிருக்கிறான். வீட்டுக்கு வந்து டிக்‌ஷனரியைப் பார்த்தபின்தான் தெரிந்தது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரிக்கத்தான் செய்தான். ஆனால் அதன்பிறகு ஜெர்மன் பாட்டு என்று வந்தால் "டேட் இல்லை" என்று சொல்லிவிடுவான். டேட் நிறைய இருந்தது.

இந்த வருடம் அவனுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆனது. கட்டை அவிழ்த்த அன்று என்னைப் பார்த்து, "அக்கா, உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?" என்றான். "நீ கண்ணை மூடிட்டுப் பாடிட்டிருந்தப்ப" என்றேன். தூரத்தில் இருப்பது பளிச்சென்று தெரிந்தது. கையில் இருக்கிற எழுத்துத்தான் கலங்கியது. படிக்கிற கண்ணாடி ஒரு மாதம் கழித்துத்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தம்பி மனைவி மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், சொட்டு மருந்து பாட்டில் நான்கு.

அப்படி இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, கோயரை நடத்துகிற பெண் போன் செய்தாள். கண்டக்டர் என்பார்கள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தம்பி போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தான். நான் அருகில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"சார், ஒரு பெரிய ஹெல்ப். பாம்பேல இருந்து வர வேண்டிய சோலோயிஸ்டுக்குத் தொண்டை சுத்தமாப் போயிடுச்சு. வர்ற சண்டே நாலு மணிக்கு ப்ரோக்ராம். நீங்கதான் பாடணும்."

அவள் பாட்டின் பெயரைச் சொன்னாள். முதுகுக்காரருடைய பாட்டு.

தம்பி, "கண்ணு இப்பத்தாம்மா ஆபரேஷன் ஆச்சு. புக் பார்க்க முடியாது. ஜெர்மன் வேற. நீங்க வேற யாரையாவது..." என்று இழுத்தான்.

அவன் காது மடல் சிவந்திருந்தது. ஆசை வந்தால் சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அப்படித்தான்.

"பாடுவான்மா," என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். உடனே வெங்காயக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டேன். கண்ணில் நீர் கொட்டியது.

"யார் சார் அது?"

"எங்க அக்கா."

"தேங்க்ஸ்க்கா. அப்ப ஃபிக்ஸ்" என்று சொல்லி, தம்பி வாயைத் திறக்குமுன் போனை வைத்துவிட்டாள். கெட்டிக்காரி.

"இன்னிக்கி செவ்வாய்க்கிழமைக்கா" என்றான் தம்பி.

"கணக்கு எனக்கும் தெரியும். நோட்டு எங்க இருக்கு?"

மெட்டு அவனுக்கு உள்ளே ஊறிப்போயிருந்தது. சொற்கள்தான் வேண்டும். முதலில் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துப் பார்த்தோம். ஒரு பக்கத்துக்கு நாலு சொல் அடங்கியது. பாட்டு ஓடுகிற ஓட்டத்துக்கு அவனால் பக்கம் புரட்ட முடியவில்லை. சரி, பழைய வழிதான் என்று முடிவானது. கண்டக்டர் பெண் வாட்ஸப்பில் சொற்களை மெதுவாகச் சொல்லி அனுப்பினாள். நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு எழுதினேன். ஜெர்மனில் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் வரும். அதற்கு ஃ போட்டேன். பள்ளிக்கூடத்தில் படித்ததிலிருந்து அந்த எழுத்துக்கு நான் ஒரு வேலையும் கொடுத்ததில்லை. இந்த நோட்டில் பக்கத்துக்குப் பத்து இடத்தில் மூன்று கண்ணையும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

புதன்கிழமை மூன்றாவது பாட்டை எழுதும்போது பேனா நின்றுவிட்டது. போனை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி போட்டேன். பைன். ஒருமுறை இல்லை, அந்த மூன்றாவது பாட்டில் ஒன்று, நாலாவதில் ஒன்று, கடைசிப் பாட்டில் ஒன்று. மொத்தம் மூன்று பைன்.

"வந்துடுச்சா?" என்றான் தம்பி, கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு மல்லாந்து படுத்தபடி.

"வந்துடுச்சு."

"வரும்னு தெரியும்."

அன்று மாலையே மாடி வீட்டு பாய் வீட்டம்மா இறங்கி வந்தார். இந்த வருடம்தான் குடிவந்தவர். எனக்குப் பதினைந்து வயது இளையவர். "என்னக்கா, மத்தியானத்துல இருந்து அண்ணன் ஒரே சொல்லையே கத்திக்கினு கீறாரு, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். வேதனையைத்தான் கத்துகிறான் என்று நான் சொன்னது அவருக்கு இன்னும் பயத்தைக் கொடுத்துவிட்டது. நோட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் சின்ன வயதில் மதரசாவில் கொஞ்சம் உருது படித்தவர். நோட்டை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"ஸ்டிக்கரா? ஸ்டிக்கர் இன்னிக்கி ஒட்டும், நாளைக்கி பூடும். எங்க உருதுல இதுக்கு நல்ல வழி கீதுக்கா. கீழ ஒரு புள்ளி வெச்சா சும்மா ப. மூணு புள்ளி வெச்சா உங்க காத்து வர்ற ப. பேனாவால வெச்சிடு. யாரு வந்து உரிச்சினு போறாங்க பாக்கலாம்."

அன்று நான் வைத்த புள்ளிகள் பேப்பரின் அந்தப் பக்கம் வரைக்கும் தெரியும், அவ்வளவு அழுத்தி வைத்தேன்.

நோட்டு சரியாகிவிட்டது. நாக்குத்தான் சரியாகவில்லை. மெதுவாகச் சொல்லச் சொன்னால் காற்றோடு சொன்னான். மெட்டோடு பாடச் சொன்னால் ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் ஏற்றிவிட்ட கால் வந்து நின்றது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் குக்கர் விசிலுக்கு நடுவே அதே வேலை. சரியாக வந்தால் நான் ஒரு பட்டாணியை டப்பாவில் போடுவேன், தப்பாக வந்தால் எடுத்துவிடுவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டப்பாவில் கிடந்த பட்டாணி ஒரு கரண்டி சுண்டலுக்குக்கூட ஆகாது.

சனிக்கிழமை காலை ஒத்திகை. அவன் கண்ணுக்குத் துணையாக நானும் போனேன். ஹாலில் கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்தேன். எந்தக் கச்சேரியானாலும் என் இடம் அதுதான். யாராவது பேச வந்தால் எழுந்து வெளியே போய்விடலாம்.

அவன் பாட ஆரம்பித்ததும் ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வைத்திருந்த ஒருவர் வாசித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். என்னால் உட்கார முடியவில்லை. அறுபது வயதைத் தாண்டிய குரல் மாதிரியே இல்லை. மூன்றாவது வரிசையில் அத்தனை வருடம் மடக்கி வைத்திருந்த பெர்த்தை அன்றைக்குத்தான் விரித்துப் போட்டமாதிரி இருந்தது. மூன்றாவது பாட்டு வந்தது. பைன். காற்று இல்லை. கண்டக்டர் பெண் கையை நிறுத்தாமல் முகத்தை மட்டும் சுளித்தாள். நாலாவது பாட்டில் சரியாக வந்தது. கடைசிப் பாட்டில் மறுபடியும் கால்.

ஒத்திகை முடிந்து அவள் இறங்கி வந்தாள். மரியாதையான பெண். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னாள். "சார், வாய்ஸ் சூப்பர். அதுல பேச்சே இல்லை. ஆனா நாளைக்கு முன் ரோவுல எல்லாம் ஜெர்மன்காரங்க. கடைசிப் பாட்டுல உருகி நிக்கிற நேரத்துல ஐயோ என் காலேன்னு கேட்டா சிரிச்சிடுவாங்க. ரிஸ்க்னு தோணிச்சுன்னா, கடைசிப் பாட்டை மட்டும் கோயர் ஆண்களை வெச்சுப் பாடிக்கலாம். நீங்க யோசிச்சு நாளைக்குக் காலையில சொல்லுங்க."

"யோசிக்கிறேன்மா" என்றான்.

கடைசிப் பாட்டுத்தான் குளியலறைப் பாட்டு.

திரும்பி வரும்போது மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆபரேஷன் ஆன கண்ணால் ஸ்டேஷன் போர்டுகளைத் தூரத்திலேயே படித்துக்கொண்டு வந்தான். மீனம்பாக்கம். திரிசூலம். பல்லாவரம். குரலில் உயிர் இல்லை. குரோம்பேட்டை போர்டையும் அவன் எவ்வளவோ தூரத்தில் இருந்தே படித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"டேய், மேடையில இருந்து முதல் வரிசையில இருக்கிற ஆள் உனக்குத் தெரியுமா?"

"மூக்கு முழி வரைக்கும் தெரியும். ஏன்?"

"நான் முதல் வரிசையில உக்காந்துக்கறேன். பைன் வர்றதுக்கு முன்னாடி கையைத் தூக்கி வாய்க்கு முன்னால வெக்கறேன். காத்துக்கு வெக்கற மாதிரி. அதைப் பாத்ததும் நீ ஊது."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "நீ? முன்னாலயா?"

"நான்தான்."

"எல்லாரும் பாப்பாங்களே."

"என்ன பாப்பாங்க? நான் எப்பவும் பண்றதுதானே."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரயிலிலேயே ஒத்திகை ஆரம்பித்தோம். அவன் மெல்லிய குரலில் பாடிக்கொண்டு வருவான், சொல் வருவதற்கு ஒரு மூச்சு முன்னால் நான் கையைத் தூக்குவேன். கை தூக்கினால் காற்று, தூக்காவிட்டால் இல்லை. நாலு முறை, ஐந்து முறை, ஆறு முறை. ஒன்றுகூடத் தப்பவில்லை. எதிர் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சானடோரியம் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா சார், நீ வாயத் தொறந்தாலே உங்க அக்கா மூக்கப் பொத்திக்கினு கீது? பல்லு வெளக்கலியா?"

தாம்பரத்தில் இறங்கும்வரை தம்பி சிரித்தான். பிளாட்பாரத்தில் நின்றபடியே கண்டக்டர் பெண்ணுக்குப் போன் செய்தான். "கடைசிப் பாட்டு நானே பாடறேன்மா. முதல் வரிசையில நடுவுல எங்க அக்காவுக்கு ஒரு சீட் போட்டுடுங்க."

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். மடியில் நோட்டு. ஒரு பக்கம் கொசு மருந்து வாசனையோடு வயதான ஒரு ஜெர்மன்காரர். இன்னொரு பக்கச் சீட்டு காலி. எனக்குப் பின்னால் முந்நூறு பேராவது இருப்பார்கள். என் முதுகு முழுக்கக் கண் இருப்பது போல இருந்தது. தம்பி வந்து நின்றான். கையில் கறுப்பு ஃபைல். தனியாகப் பாடுகிறவர்கள் ஃபைல் பிடிக்க வேண்டும் என்பதற்காகப் பிடித்திருந்தான். உள்ளே இருந்தது கண் ஆஸ்பத்திரிச் சீட்டு, காலை இரண்டு சொட்டு மாலை இரண்டு சொட்டு.

முதல் இரண்டு பாட்டுக்கு எனக்கு வேலை இல்லை. ஆனாலும் விரல் நோட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாவது பாட்டு. மூன்று புள்ளி நெருங்கியது. கையைத் தூக்கினேன். அவன் பார்த்தான். காற்றோடு வந்தது. வெடித்து, சுத்தமாக, மத்தாப்புப் பற்றிக்கொண்டது போல. கண்டக்டர் பெண்ணின் முதுகு கொஞ்சம் தளர்ந்ததைக்கூட நான் பார்த்தேன்.

பாட்டு முடிந்த இடைவெளியில்தான் தொந்தரவு வந்தது. கழுத்தில் அட்டை மாட்டிய வாலண்டியர் ஒருவர் எனக்கும் மேடைக்கும் நடுவில் வந்து குனிந்தார்.

"அம்மா, சீஃப் கெஸ்ட் லேட்டா வந்திருக்கார், கூட அவங்க மிஸஸும். ரெண்டு சீட் வேணும். நீங்க கொஞ்சம் பின்னாடி போயிடுங்களேன்."

எந்த நாளாக இருந்தாலும் அவர் முதல் சொல்லைச் சொன்னதுமே நான் எழுந்து போயிருப்பேன். கால் எழக்கூடத் தொடங்கிவிட்டது. அதற்குள் நாலாவது பாட்டின் வயலின் ஆரம்பித்தது. நாலாவதில் பைன் சீக்கிரம் வரும், இரண்டாவது வரியிலேயே.

"மாட்டேன்" என்றேன்.

"அம்மா, இது வி.ஐ.பி. ரோ."

"நான் வேலையா வந்திருக்கேன்."

"வேலையா? என்ன வேலை?"

"செக்கிங்."

அவர் குழம்பிப் போய் நிமிர்ந்தார். தம்பி முதல் வரியைப் பாடிக்கொண்டிருந்தான். அவன் கண் வாலண்டியரின் இடுப்பைத் தாண்டி என்னைத் தேடுவது தெரிந்தது. நான் அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து ஒரு பக்கமாக நகர்த்தினேன். ஆமாம், பிடித்தேன். நகர்த்திய கையை அப்படியே வாய்க்கு முன்னால் கொண்டுபோனேன். காற்று வந்தது. மயிரிழையில் தப்பித்தோம்.

வாலண்டியர் சீஃப் கெஸ்டின் மனைவிக்கு ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். சீஃப் கெஸ்ட் எனக்குப் பக்கத்துக் காலிச் சீட்டில் உட்கார்ந்தார். பண்பான மனிதர். அதுதான் தொல்லையாகப் போயிற்று. என் பக்கம் திரும்பி, கை கூப்பி, "வணக்கம்மா" என்று மெதுவாகச் சொன்னார். என் கை பழக்கத்தில் வாய்க்கு ஓடியது. மேடையில் அப்போது வரவிருந்தது சும்மா ப. காற்று வந்தால் அதுவும் தப்பாகிவிடும். பாதி வழியில் கையைப் பிடுங்கி, தொடைக்கு அடியில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். பதில் வணக்கம் சொல்லவில்லை. அவர் என்ன நினைத்தாரோ.

கடைசிப் பாட்டு. இதில்தான் கோயர் முழுவதும் அமைதியாக இருக்கும், ஒரு செல்லோ மட்டும் அடியில் இழைந்துகொண்டிருக்க அவன் தனியாகப் பாடுவான். கோயர் மூன்றாவது வரிசையில் இருந்தவர்கள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விரல் வரிவரியாக இறங்கியது. சொல்லுக்கு இன்னும் ஒரு வரி. கையை உருவினேன். மரத்துப் போயிருந்தது. தூக்கினால் எழும்பவில்லை, மாவு மூட்டை போல மடியிலேயே விழுந்தது. இடது கையால் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினேன். நிமிர்ந்து பார்த்தால் தம்பி கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

கண்ணை மூடுவான் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. உருகிப் பாடினால் அவனுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். ரயிலில் என் கையைப் பார்த்தபடி பாடினான், வீட்டில் பட்டாணியைப் பார்த்தபடி பாடினான்.

அடுத்து நடந்தது எனக்கே பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். "ப்" என்றேனாம். சத்தமாக. காற்றோடு. என் உள்ளங்கையில் சுளீரென்று அடித்தது என் மூச்சுத்தான். சீஃப் கெஸ்ட் திரும்பிப் பார்த்தார், கொசு மருந்துக்காரர் திரும்பிப் பார்த்தார். மேடையில் அதே நொடியில், மூடிய கண்ணோடு, அவன் வாயிலிருந்தும் வந்தது. நான் சொன்னதைக் கேட்டுச் சொன்னானா, தானாகவே சொன்னானா என்று கேட்டால் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. வேதனை வந்தது. கால் வரவில்லை. செல்லோ மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றது. யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் எனக்குப் பின்னால் முந்நூறு பேரும் எழுந்துகொள்கிற நாற்காலிச் சத்தம்.

கூட்டம் கலையும்போது கொசு மருந்துக்காரர் தம்பியிடம் போனார். நான் தூணோரம் நின்றேன். அவர் ஜெர்மனில் ஏதோ நீளமாகச் சொன்னார், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு. தம்பி கவலையோடு கண்டக்டர் பெண்ணைப் பார்த்தான். அவள் தமிழில் சொன்னாள்.

"சார், உங்க வேதனை ரொம்ப நல்லா இருந்துச்சாம். மூணு தடவையும்."

தம்பி அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, கூட்டத்துக்கு நடுவே என்னைத் தேடினான். தூரக் கண்தானே, உடனே கண்டுபிடித்துவிட்டான். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அந்த மிடில் பெர்த் குரலில் கூப்பிட்டான்.

"அக்கா, அந்த நாற்காலியை இப்படிப் போடு. ஒரு மணி நேரமா நின்னு, இப்ப நிஜமாவே கால் வலிக்குது."